பரணிலிருந்து இறங்கிய தொட்டில்

சென்ற மார்கழியில், பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடித்துப் புதுப்பிக்கும் சம்பிரதாயத்தை ஒட்டி, காவிரிப் படுகையிலுள்ள எங்கள் பழைய வீட்டின் பரணிலிருந்து, ஏறத்தாழ முப்பது வருஷங்களாக யார் கையும் படாமல் கிடந்த மரத்தொட்டில் ஒன்றை இறக்கினோம். என்னையும் என் தங்கைகளையும், பிற்பாடு என் மக்களையும் தாலாட்டிய அந்தத் தொட்டிலில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் குழந்தையையும் கிடத்திப் பார்க்கவேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாளைய ஆசை. கடைசல் பிடித்த அதன் கால்களிலும் அழிகளிலும் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ தடவை பூசப்பட்ட எனாமல் சாயம், வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டுச் செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. சுவருக்கு வந்த பெயிண்டரே, "உப்புத்தாள் போட்டுத் தேச்சுப் புதுசா அடிச்சா கடையில வாங்கின மாதிரி ஆயிடும் ஐயா" என்று சொல்லி, கூடத்துத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

அரை மணி நேரத்துக்குள் தாழ்வாரத்துச் சிமெண்ட்டுத் தரையின்மேல் மாவு சலித்தாற்போல் மெல்லிய மஞ்சள் பொடி படிந்தது. கொடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளிலும், திண்ணையில் காயவைத்த வடகத்தின்மேல் போர்த்தியிருந்த வேட்டியிலும், பெயிண்டரின் புருவத்திலும் மீசையிலும் அதே பொடி. அடுத்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தை, எங்கள் வீட்டைத் தன் வீடாகவே பாவித்து வளர்கிற குழந்தை, அந்தப் பொடியில் சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்து, தான் இழுத்த கோட்டைக் கண்டு தானே மகிழ்ந்து, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டது. நிறைமாதக் கர்ப்பிணியான என் மகள் ஓடிவந்து அதைத் தூக்கித் தன் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டாள். பழைய சாயத்தைப் பற்றி எப்போதோ வாசித்த சில விஷயங்கள் அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெயர்ந்து விழுந்த சாயச் செதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்துச் சென்னையிலுள்ள பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். இன்று புதிய சாயத்துக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவைப்போல் பல மடங்கு காரீயம் அதில் இருப்பதாகப் பதில் வந்தது.

காரீயம் என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஈயம் என்ற ஒரே சொல்லால் நம் வீடுகளில் இரண்டு உலோகங்கள் வழங்கப்படுகின்றன. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயம். அது கலப்படமில்லாமல் இருக்கும்வரை சமையலுக்கு ஏற்றதாகவே தலைமுறை தலைமுறையாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. காரீயமோ வேறு ஜாதி உலோகம். கனமானது, மிருதுவானது, எளிதில் உருகுவது, தேகத்துக்குள் எந்த உபயோகமும் இல்லாதது. ஈயத்தால் ஆபத்து என்று ஒருவர் சொன்னால், கேட்கிற பாட்டிமார்களின் மனம் உடனே ரசச் சொம்பை நினைத்து, இத்தனை காலம் அதில்தானே சமைத்தோம் என்று ஆறுதலடைந்துவிடுகிறது. பெயரில் உள்ள இந்த மயக்கமே நம்மிடையே எச்சரிக்கை பரவாமைக்கு ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் காரீயம் என்ற சொல்லையே விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.

சாயத்தில் அது ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். யாரும் விஷம் வைக்கவேண்டுமென்று வைத்ததல்ல. காரீயக் கார்பனேட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தை நன்றாகப் பற்றிக்கொண்டு, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி நிற்கும் வெண்சாயம் கிடைத்தது. மேல்நாடுகளின் பழைய வெண்சாயங்களில் உலர்ந்தபின் எடையில் பாதியளவுகூடக் காரீயமாக இருந்ததுண்டு. காரீயக் குரோமேட் பளிச்சென்ற மஞ்சளைத் தந்தது. அதனோடு நீலம் கலந்தால் பச்சை வந்தது. சிவந்த காரீய ஆக்சைடு இரும்பைத் துருப்பிடிக்காமல் காத்தது. சாயம் சீக்கிரம் உலர்வதற்கென்று சேர்க்கப்பட்ட சரக்கிலும் காரீயமே இருந்தது. கம்பிக் கதவுகளுக்கு அடிப்பூச்சாக இன்று அடிக்கப்படும் ரெட் ஆக்சைடு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான், அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பழைய இரும்பின் அடியில் இருக்கும் சிவப்பு எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நிறத்தை வைத்து ஊகிக்கவேண்டுமானால், எனாமல் சாயங்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகியவையே அதிகச் சந்தேகத்துக்கு உரியவை. தொட்டிலுக்கும் நடைவண்டிக்கும் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கும் விளையாட்டுத் திடலின் சறுக்குமரத்துக்கும் நாம் ஆசையோடு தேர்ந்தெடுக்கும் நிறங்களும் அவைதாமே.

இந்த ஆபத்தை முதன்முதலில் தெளிவாக எடுத்துச் சொன்ன ஊர், நம்முடையதைப் போலவே வெயில் கொளுத்துகிற ஊர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில், பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், 1890-களிலேயே வயிற்றுவலியோடும் கைகால் விளங்காமையோடும் பார்வைக் கோளாறோடும் வந்த குழந்தைகளைக் கண்டு ஜெஃபெரிஸ் டர்னர் என்ற மருத்துவர் காரீய விஷம் என்று நிர்ணயித்தார். ஆனால் விஷம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியா, பாத்திரமா, தகர டப்பாவா என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கைவிட்ட பிறகு, 1904-ஆம் ஆண்டு லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் மருத்துவர், அந்த ஊர் மரவீடுகளின் வராந்தாக் கிராதியையும் அறைச் சுவரையும் சுட்டிக்காட்டினார். வராந்தாதான் குழந்தைகளின் விளையாட்டு மைதானம். வெயிலில் வெந்த வெண்சாயம் கிராதிமேல் பொடியாகப் பூத்து நின்றது. பிடித்து நின்ற குழந்தையின் கையில் அது ஒட்டியது. நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற குழந்தைகளே அதிகம் நோயுற்றார்கள். ஆராய்ச்சிக் கருவிகள் பெருகாத காலத்தில், ஒரு வைத்தியர் தம் கண்ணாலும் பொறுமையாலும் கண்டுபிடித்த உண்மை இது. அதைச் சக வைத்தியர்களே பல வருஷம் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 1922-ஆம் ஆண்டு, குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீயச் சாயம் பூசுவதை அந்த மாகாணம் சட்டமியற்றித் தடுத்தது. எங்கள் தாழ்வாரத்துப் பொடியில் கோடு இழுத்த விரலை நினைக்கும்போதெல்லாம், நூற்றிருபது வருஷங்களுக்கு முன் கிப்ஸன் பார்த்ததும் இதே விரல்தான் என்று எனக்கு நெஞ்சு துணுக்குறுகிறது.

குவீன்ஸ்லாந்துச் சட்டத்துக்கு ஒரு வருஷம் முன்பே, 1921-இல், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வெண்காரீயச் சாயம் பற்றிய உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியிருந்தது. கட்டடங்களின் உட்புறத்தில் அதைப் பூசுவதைத் தடுக்கும் ஷரத்தோடு அது நின்றுவிடவில்லை. சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யவேண்டும், அவர் கை கழுவ வசதி தரவேண்டும், வேலைக்கென்று தனி உடை இருக்கவேண்டும் என்ற ஷரத்துக்களும் இருந்தன. ஆக, உலர்ந்த உப்புத்தாளே இந்த விஷயத்தின் மர்மஸ்தானம் என்பதை உலகம் நூறு வருஷத்துக்கு முன்னரே அறிந்திருந்தது; எங்கள் ஊர்ப் பெயிண்டரிடம் அதை எடுத்துச் சொன்னவர்தான் எவரும் இல்லை.

காரீயம் தேகத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சுண்ணாம்புச்சத்தைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைவதே அதன் தந்திரம். எலும்புக்குள் சுண்ணாம்புச்சத்து போகவேண்டிய இடத்தில் இது போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்தில் புகுந்து அந்தப் பேச்சைக் குலைக்கிறது. ரத்தம் ஊறுவதையும் தடுக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் தேகம் ஏற்றுக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கு குழந்தையின் தேகம் ஏற்றுக்கொள்கிறது; இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தையாயின் இன்னும் அதிகம். ரத்தசோகை சர்வசாதாரணமாக உள்ள நம் தேசத்தில் இதன் அர்த்தம் என்ன என்று நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு சிசுவுக்காகச் சுண்ணாம்புச்சத்தை விடுவிக்கும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது உட்கொண்ட காரீயமும் உடன் கரைந்து சிசுவைச் சென்று அடைகிறது. இந்த அளவுவரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. மிக அதிகமாக ஏறிவிட்டால், அதை ரத்தத்திலிருந்து வெளியேற்ற மருந்துகள் உண்டு; அவை உயிரைக் காக்கும், ஆனால் மூளை இழந்ததை மீட்டுத் தருவதில்லை.

"இதே தொட்டிலில்தானே நாங்களும் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று வீட்டில் கேட்டார்கள், இந்தக் கட்டுரையை வாசிக்கிற பலரும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் குறைந்த அளவு காரீயம் செய்யும் கேடு, காய்ச்சலைப் போலவோ சொறியைப் போலவோ வெளியே தெரிவதில்லை. கணக்கில் சற்றுத் தடுமாற்றம், ஓரிடத்தில் நிலைத்து உட்கார முடியாமை, சொன்னதை மறந்துபோதல், காரணமில்லாத முன்கோபம் என்று, குழந்தையின் சுபாவம் என்றே நாம் எண்ணிவிடக்கூடிய உருவங்களில் அது வருகிறது. 1979-ஆம் ஆண்டு ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர், பாஸ்டன் நகரை அடுத்த பள்ளிக் குழந்தைகளின் உதிர்ந்த பால் பற்களைச் சேகரித்து, அவற்றில் உள்ள காரீயத்தை அளந்து, அதிகம் இருந்த குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையிலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருப்பதைக் காட்டினார். அவர்களில் ஒருவருக்கும் வெளிப்படையான நோய் எதுவும் இல்லை. நம் வீடுகளில் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிகிறோமே, அந்தப் பால் பல்லுக்குள் ஒரு குழந்தையின் வீட்டுச் சாயமும் எழுதப்பட்டிருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தொட்டில் இல்லாதிருந்தால் நான் எப்படி இருந்திருப்பேன் என்பதைச் சொல்ல எவராலும் இயலாது. 2020-இல் யுனிசெஃப் ஸ்தாபனம் பியூர் எர்த் என்ற அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், அதாவது சுமார் 80 கோடிப் பேர், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உடையவர்கள் என்று மதிப்பிட்டது. அதற்குப் பழைய மின்கலங்களை உருக்குவது முதல் மஞ்சள் தூளில் சேர்க்கும் கலப்படம் வரை பல வழிகள் உண்டு; சாயம் அவற்றில் ஒன்று, நம் கைக்குள்ளேயே இருக்கும் ஒன்று.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. பெட்ரோலிலிருந்து காரீயம் 2000-ஆம் ஆண்டில் நீங்கிற்று. சாயத்தைப் பொறுத்தவரை, தில்லியில் உள்ள டாக்ஸிக்ஸ் லிங்க் போன்ற அமைப்புகள் கடைச் சாயங்களை வாங்கி வாங்கிப் பரிசோதித்து வெளியிட்டும், பெங்களூரில் பேராசிரியர் வெங்கடேஷ் துப்பில் போன்றவர்கள் ஊர் ஊராக எடுத்துச் சொல்லியும் வந்ததன் பயனாக, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் விதிகளை வெளியிட்டு, ஒரு வருஷ அவகாசத்துக்குப் பின், 2017 நவம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. வீட்டு உபயோகச் சாயத்திலும் அலங்காரச் சாயத்திலும் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. அதாவது ஒரு கிலோ சாயத்தில் 90 மில்லிகிராம். டப்பாவின்மேல் அதை அச்சிடவும் வேண்டும். நல்ல சட்டம், மனமார வரவேற்கவேண்டிய சட்டம். ஆயினும் தொழிற்சாலைகளுக்கான சாயங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை; விலை மலிவென்று அதே டப்பாவை வாங்கி வீட்டுக் கம்பிக்கதவுக்கு அடிப்பவர்களை அந்தச் சட்டம் காணாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: சட்டம் டப்பாவுக்குள் இருக்கும் சாயத்தைப் பார்க்கிறதேயன்றி, 2017-க்கு முன் அடிக்கப்பட்டுக் கோடிக்கணக்கான கதவுகளிலும் ஜன்னல்களிலும் பீரோக்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் ஊஞ்சல் பலகைகளிலும் ஏற்கெனவே இருக்கும் சாயத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பொறுப்பாளி என்று இந்த தேசத்தில் இன்று ஒருவரும் இல்லை.

பொறுப்பாளி வருகிறவரையில் குடும்பஸ்தர் என்ன செய்வது? என் முதல் யோசனை, பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்: பெரும்பாலும் ஒன்றும் செய்யாதிருப்பதுதான். சாயம் மரத்தை இறுகப் பற்றிக்கொண்டு, உரியாமல், பொடியாமல் இருக்கும்வரை, உள்ளே உள்ள காரீயம் உறங்குகிற பாம்பு. அதைத் தட்டி எழுப்புவது நம் உப்புத்தாள். அப்படிப்பட்ட பரப்பை ஈரத்துணியால் துடைத்து, அதன்மேல் காரீயமில்லாத புதிய சாயத்தைப் பூசி மூடிவிட்டால் போதும். ஆனால் இதற்கு விலக்கான இடங்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று உராயும் இடங்களில், ஜன்னல் சட்டத்திலும் இழுப்பறையின் விளிம்பிலும், மேல்பூச்சு நிற்காது. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் பொடி உதிரும். ஐப்பசி மழையில் ஊதிப்போய்த் தரையில் இழுபடும் கதவின் அடிப்பக்கத்தை ஆசாரி வந்து இழைப்புளியால் சீவும்போது, சுருள் சுருளாக விழுவதில் மரம் பாதி, பழைய சாயம் பாதி. அடுத்தது குழந்தை கடிக்கும் இடங்கள். பல் முளைக்கும் பருவத்தில் தொட்டிலின் விளிம்பையும் நடைவண்டியின் கைப்பிடியையும் கடிக்காத குழந்தை எது? அத்தகைய சாமானை மேலே பூசி மூடிவிட்டேன் என்று நம்பிக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சுரண்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், நினைவில் வைக்கவேண்டிய சொல் ஒன்றே: ஈரம். சாமானை வீட்டுக்கு வெளியே, கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் எட்டத்தில், காற்றில்லாத வேளையாகப் பார்த்துக் கொண்டுபோய், கனமான பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்து, தண்ணீர் தெளித்து நனைத்து, நனைந்த இடத்தை மட்டும் சுரண்டவேண்டும். உலர உலர மீண்டும் நனைக்கவேண்டும். மோட்டார் வண்டிக்குப் பட்டி தேய்க்கிறவர்கள் உபயோகிக்கும் வாட்டர் பேப்பர் எல்லாப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கிறது. உப்புத்தாளின் இடத்தில் அதைத் தண்ணீரோடு தேய்த்தால், எழவேண்டிய தூசி சேறாகக் கீழே வழிந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு அற்பம். அதனால் தடுக்கப்படும் கேடோ அளவிடற்கரியது. வேலை நடக்கும் இடத்துக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரலாகாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. இந்தத் தூசி துண்டின் இழைகளைவிட நுண்ணியது. மகாமாரிக் காலத்தில் நாம் எல்லோரும் அறிந்துகொண்ட என்-95 கவசமாவது வேண்டும். இடையில் டீ குடிப்பதானாலும் பீடி பற்றவைப்பதானாலும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. துடைப்பம் தூசியை எழுப்பி வீடெங்கும் பகிர்ந்து கொடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, வேறொரு வாளியில் அலசி, மீண்டும் துடைக்கவேண்டும். அன்று உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். அந்த வேலையை வீட்டிலுள்ள பெண்களின் தலையில் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிவிடுவது கொடுமை.

நெருப்புக்கும் யந்திரத்துக்கும் இந்த வேலையில் இடமில்லை. பழைய சாயத்தைப் ப்ளோ லாம்பின் தீயால் பொசுக்கிச் சுரண்டுகிற வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகி நேரே சுவாசத்துக்குள் போகிறது. கிரைண்டர் யந்திரமோ ஒரு நாளில் எழவேண்டிய தூசியை ஒரு நிமிஷத்தில் எழுப்புகிறது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வெந்நீர் அடுப்பு. எங்கள் வீட்டில் மாற்றிய பழைய ஜன்னல் சட்டங்கள் கொல்லையில் கிடந்ததைப் பார்த்த பெயிண்டர், "வெந்நீருக்கு ஆகும் ஐயா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். வேறு எந்த வருஷமாயிருந்தாலும் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இதற்கு முன் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. ஐந்தாறு பூச்சுச் சாயம் ஏறிய கட்டையைச் சமையல்கட்டிலோ குளியலறை வாசலிலோ எரித்தால், புகையில் பாதியும் சாம்பலில் பாதியுமாகக் காரீயம் அந்தக் குடும்பத்தோடு தங்கிவிடும். அந்தச் சாம்பலால் பாத்திரமும் துலக்குவார்கள். இதையெல்லாம் நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "எங்க வீட்ல பத்து வருஷமா இதைத்தானே ஐயா எரிக்கிறோம்" என்றார்.

இங்கே வேறொரு போக்கையும் குறிப்பிட்டாகவேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பாகப்பிரிவினையால் இடிக்கப்படும்போது வெளிவரும் கதவுகளும் தூண்களும் பெட்டகங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து பெருநகரங்களுக்குப் போகின்றன. பழம்பொருளைக் காப்பாற்றுகிற அந்தக் காரியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல நகரங்களில், பழைய சாயம் பாதி உரிந்து, பச்சைக்குள் மஞ்சளும் மஞ்சளுக்குள் நீலமுமாகத் தெரிகிற அந்தக் கோலமே அழகென்று கருதி, உரிந்தது உரிந்தபடியே கதவைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையாக்குகிறார்கள். குழந்தை அறையில் கட்டிலின் தலைமாட்டில் பொருத்துகிறார்கள். உரிகிற சாயம் என்பது உதிர்கிற சாயம். அந்த அழகு வேண்டுமென்பவர்கள், முதலில் பரிசோதித்து, காரீயம் இருப்பின் உதிர்வதையெல்லாம் ஈரத்தோடு நீக்கிவிட்டு, மேலே கெட்டியான தெளிந்த வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சுப் பூசி, கைபடாத உயரத்தில் மாட்டிவைக்கட்டும். அதன்மேல் இலை போட்டுச் சாப்பிடவேண்டாம். விற்கிற வியாபாரிகளும், பழைய எனாமல் பூச்சு உள்ள சாமான் இன்னதென்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்வது அவர்கள் வியாபாரத்துக்குக் கௌரவமே சேர்க்கும்.

வீட்டுக்காரர் ஜாக்கிரதையாக இருப்பது அவர் குடும்பத்தைக் காக்கும். பெயிண்டரைக் காப்பது யார்? வருஷத்தில் ஒரு தடவை நாம் சுரண்டச் சொல்லும் சாயத்தை அவர் வருஷமெல்லாம் சுரண்டுகிறார். மணிக்கட்டு தொங்கிப்போவதும், தீராத மலச்சிக்கலோடு வயிற்றைப் பிசைகிற வலியும் சாயத் தொழிலாளிகளுக்கே உரிய வியாதிகளாக மேல்நாட்டு வைத்திய நூல்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்தவை. சட்டையிலும் தலைமயிரிலும் படிந்த பொடியோடு அவர் மாலையில் வீடு திரும்பியதும், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்தப் பொடி போய்ச்சேர்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. பெயிண்டர்களும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்துக்கும் மரணத்துக்கும் உதவித்தொகை தருகிற அந்த வாரியம், பதிவு செய்த பெயிண்டர்களுக்கு வருஷம் ஒருமுறை ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க ஏற்பாடு செய்யட்டும். ஈரத்தோடு தேய்க்கும் முறையை ஒரு நாள் பயிற்சியாக, அன்றைய கூலியையும் கொடுத்துக் கற்பிக்கட்டும். கூலி கொடுக்காத பயிற்சிக்கு எந்தத் தொழிலாளியும் வரமாட்டார். வரவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் தர்மமல்ல.

சர்க்கார் செய்யவேண்டியது இன்னும் உண்டு. அங்கன்வாடிகளுக்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறையில் சாயம் அடிக்கப்படுகிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் எத்தனை பூச்சு, என்ன நிறம், எத்தனை சதுர மீட்டர் என்றெல்லாம் எழுதுகிறவர்கள், பழைய சாயத்தை உலர்வாகத் தேய்க்கலாகாது என்றும், வேலை முடிந்ததும் ஈரத்தால் துடைத்து ஒப்படைக்கவேண்டும் என்றும் இரண்டு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும். அந்தக் கட்டடங்களில்தான் மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, அதே கையால் மத்தியானச் சோறு உண்கிறார்கள். அடுத்தது பரிசோதனை. எனக்குச் சென்னைக்கு அனுப்பவும் கட்டணம் கட்டவும் வசதி இருந்தது. இரண்டு வாரம் காத்திருக்கவும் முடிந்தது. சாயத்தைச் சுரண்டாமலே, ஒரு கருவியை மேலே வைத்து எக்ஸ் கதிரால் காரீயத்தை அறியும் முறை இருக்கிறது. பொற்கொல்லர் தெருக்களில் நகையின் மாற்றுப் பார்ப்பதும் அதே தத்துவத்தைக் கொண்ட கருவியால்தான். தங்கத்தின் மாற்றை அறிய ஊருக்கு ஊர் கருவி வைத்திருக்கிற நாம், குழந்தையின் தொட்டிலைப் பரிசோதிக்க ஜில்லாவுக்கு ஒன்று வைக்க முடியாதா? மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில், ரத்தசோகைக்கும் காரணம் தெரியாத வயிற்றுவலிக்கும் வருகிற குழந்தைகளுக்கு இந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்தால், எந்தத் தெருவில், எந்த வேலையைச் சுற்றி விஷம் பரவுகிறது என்பது சில வருஷங்களுக்குள் தெரியவரும்.

எங்கள் தொட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கட்டிப் பரணிலேயே திரும்ப வைத்துவிட்டோம். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் அளவு கவலைக்குரியதாக இல்லை என்று வைத்தியர் சொன்னதும்தான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தை மாதம் பிறந்த பேத்தி, உத்தரத்தில் கட்டிய நூல்புடவைத் தூளியில் உறங்குகிறாள். தாழ்வாரத்திலிருந்து துடைத்தெடுத்த பொடியையும், பொடி படிந்த துணிகளையும், எரிக்கக் கொடுக்காத ஜன்னல் சட்டங்களிலிருந்து உதிர்ந்த செதில்களையும் இரட்டைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், சாய டப்பா போன்ற வீட்டு அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ள, ஊர்களில் இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் அமைக்கவேண்டும் என்று கூறின. எங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று காலையில் வண்டியோடு வரும் துப்புரவுத் தொழிலாளியிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணும் இல்லீங்க ஐயா, குடுங்க, குப்பையோட போட்டுக்கறேன்" என்று கையுறை இல்லாத கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மூட்டை இன்னமும் கொல்லைப்புறத்துக் கொட்டகையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் தொங்குகிறது.